கடிபட்ட கன்றையே கேளுங்கள்: நீல வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு சைக்கஸ் சாடி

மதிப்பீட்டுக்கு எடுத்த பொருள்: நாற்றுமேடைகளில் சாடியோடு விற்கும், பார்வைக்குக் குட்டைப் பனை போல் ஓலை விரிக்கும் செடியான சைக்கஸ் ரெவொலூட்டா.
வாங்கும் நோக்கம்: அலங்காரம் அல்ல, வண்ணத்துப்பூச்சி.
புள்ளி: ஐந்துக்கு நாலு. கடலைப் பார்த்த பல்கனி என்றால் இரண்டரை.

பத்தரமுல்லை தியத்த உயனவில் செடி விற்கும் வரிசையிலோ, நகருக்கு வெளியே வீதியோர நாற்றுமேடை ஒன்றிலோ போய் "சைக்கஸ் இருக்கா" என்று கேட்டால், ஓலை ஒன்றுகூட மடங்காத, கரும்பச்சையில் பளபளக்கும் கன்றைத்தான் முன்னால் இழுத்து வைப்பார்கள். "ஒரு பூச்சியும் கிட்ட வராது" என்பது அதோடு கூடவே வரும் உத்தரவாதம். வாசலில் அழகுக்கு வைப்பவருக்கு அது நல்ல செய்தி. நீலச் சிறகுக்காக வாங்குபவருக்கு அதைவிடக் கெட்ட செய்தி இல்லை. கடைசி மூலையில், குருத்து அரிபட்டு, ஓலை நுனி பழுப்பாகச் சுருண்டு, கேட்பாரற்று ஒன்று நிற்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கொழும்பில் புல்தரையை ஒட்டிப் பறக்கும் சின்ன நீலப் பூச்சி எல்லாவற்றையும் ஒன்றாகவே நினைக்கிறோம். அவை ஒரு குடும்பம், லைசெனிடே, இனம் பல. விகாரமாதேவிப் பூங்காவின் புல்லில் கணுக்காலுக்குக் கீழே தத்திப் போவது பெரும்பாலும் சிசினா ஓட்டிஸ். அதன் புழு தொட்டாற்சுருங்கி, சிறுபுள்ளடி போன்ற தரையோட்டச் செடிகளில் வளரும். சிசீரியா கர்சாந்திரா குப்பைக்கீரையிலும் நெருஞ்சியிலும் வளரும். இந்த இரண்டுக்கும் காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. முற்றத்தில் புல்வெட்டும் மெஷின் படாத ஒரு மூலையை விட்டுவைத்தால் போதும். ஆனால் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடியில் இருப்பவருக்கு முற்றத்துக்கு எங்கே போவது? அங்கேதான் சைக்கஸ் சாடி பயன்படுகிறது. ஒரேயொரு சாடி ஒரு பூச்சியின் முழு வாழ்விடமாக அமைவது இதில் மட்டும்தான் ஏறக்குறைய உறுதி.

பூச்சியின் ஆங்கிலப் பெயர் பிளேன்ஸ் கியூபிட். சைக்கட் புளூ என்றும் சொல்வார்கள். இங்கே சைக்கஸ் நீலம் என்றே எழுதுவோம். 1829இல் ஹோர்ஸ்ஃபீல்ட் என்ற இயற்கையியலாளர் இதற்கு இட்ட இனப்பெயர் 'பண்டாவா'. நம் பஞ்ச பாண்டவர்தான். பழைய புத்தகங்களில் சிலாடீஸ் பண்டாவா என்றும் புதியவற்றில் லூத்ரோடீஸ் பண்டாவா என்றும் இருக்கும். பூச்சி ஒன்றே.

அடையாளம் பிடிக்க வாலைப் பாருங்கள். பின்சிறகின் ஓரத்தில் நூல் போன்ற மெல்லிய வால், அதன் அடியில் செம்மஞ்சள் சூழ்ந்த கறுப்புக் கண். உட்கார்ந்தபடி பின்சிறகுகளை மேலும் கீழுமாக உரசும். அப்போது அந்த வால் உணர்கொம்பு போலவும் கண் தலை போலவும் தெரியும். கொத்த வரும் பல்லி தவறான பக்கத்தைக் கடிக்கும். வாலும் கண்ணும் பிய்ந்து, மற்றபடி சுகமாகத் திரியும் பூச்சிகளைக் காண்பது அதனால்தான். ஆணின் மேற்சிறகு வெளிர் ஊதா கலந்த நீலம், ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. பெண்ணுக்கு நீலம் நடுவில் மட்டும். சுற்றிவர அகலமான கரும்பழுப்புக் கரை. சிறகை மூடினால் இரண்டும் சாம்பல் பழுப்பு. பின்சிறகின் அடிப்பக்கத்தில் வெள்ளை வளையம் இட்ட கறுப்புப் புள்ளிகள் இருக்கும். வால் இல்லையென்றால் அது மேலே சொன்ன புல்தரை நீலங்களில் ஒன்றோ, தேசிக் கன்றில் வளரும் தேசிநீலமோ ஆகலாம். சைக்கஸ் நீலம் அல்ல. வாலருகே பளிச்சென்று இரண்டு கண் சம அளவில் தெரிந்தால் பயற்றங்கொடிப் பக்கம் திரியும் கிராம் புளூவாக இருக்கக்கூடும்.

இந்தப் பூச்சிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதிர்ந்த சைக்கஸ் ஓலையை அதன் புழு தொடாது. அந்த ஓலை கம்பி மாதிரி. மனிதக் கையையே குத்தும். தண்டின் உச்சியிலிருந்து ஒரே நேரத்தில் கொத்தாகக் கிளம்பும் இளங்குருத்துத்தான் அதற்கு உணவு. சுருட்டிய சிற்றிலைகள் விரிந்து இறுகும் அந்தச் சில வாரத்துக்குள் பெண் பூச்சி வந்து முட்டையிடவேண்டும், புழு பொரித்துத் தின்று முடிக்கவேண்டும். அதன் பின் ஓலை இறுகிவிடும். சாடியில் வளரும் ரெவொலூட்டா வருடத்துக்கு ஒரு முறை, நன்றாகக் கவனித்தால் இரண்டு முறை குருத்து விடும். அதனால் "சைக்கஸ் வைத்தேன், பூச்சியைக் காணவில்லை" என்று முறையிடுபவர்களில் பலர், வருடத்தில் பதினொரு மாதம் வெறும் இரும்பு ஓலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான்.

கடிபட்ட கன்றை ஏன் கேட்கச் சொல்கிறோம் என்பது இப்போது விளங்கும். கடிபட்ட குருத்து இரண்டு விஷயத்தைச் சொல்கிறது. ஒன்று, அந்த நாற்றுமேடையில் பூச்சி நடமாடுகிறது. மற்றது, அந்தக் கன்றுக்குப் புழுவைக் கொல்லும் மருந்து அண்மையில் போகவில்லை. இரண்டாவதுதான் முக்கியம். ஓலைமேல் தெளிக்கும் மருந்து மழையிலும் வெயிலிலும் சில வாரத்தில் குறைந்துவிடும். இமிடாகுளோப்ரிட் போன்றவற்றை வேரில் ஊற்றினால் அவை செடிக்குள்ளேயே ஊறி மாதக்கணக்கில் நிற்கும். அடுத்து வரும் குருத்திலும் ஏறும். பூச்சி வரும், முட்டையிடும், புழு முதல் வாயிலேயே செத்துப்போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போல் இருக்கும். ஆகவே கடையில் "மருந்து அடிச்சதா" என்று மட்டும் கேட்டால் போதாது, "வேருக்கு ஊத்தினதா" என்றும் கேட்கவேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் முதல் குருத்தை நம்பக்கூடாது. வீட்டுக்கு வந்தபின் வரும் முதல் கொத்தை வலை போட்டு மூடி, பூச்சிக்குக் கொடுக்காமல் விட்டு, இரண்டாவதிலிருந்து திறந்துவிடுங்கள்.

கடிபட்டது என்றால் எந்தக் கடியும் சரி என்று பொருள் அல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

புழுக் கடி: சிற்றிலைகளின் பசுமை சுரண்டப்பட்டு, கண்ணாடித்தாள் போல் மெல்லிய தோல் மிஞ்சியிருக்கும். நடுநரம்பில் பள்ளம் இருக்கும். கடுகைவிடச் சிறிய எச்சம் குருத்தடியில் சிந்தியிருக்கும். எறும்பு ஏறி இறங்கும். இது வேண்டியது.

மங்கனீசு குறைபாடு: புதிய ஓலை முழுவதும் மஞ்சளாகி, முறுகி, நெருப்புப் பட்டது போல் காய்ந்து வரும். கடித்த தடம் இருக்காது, எறும்பும் இருக்காது. சாடி மண்ணில் சுண்ணாம்பு கூடிப்போனால் இப்படி ஆகும். கட்டட வேலை மிச்ச மணலைச் சீமெந்தோடு சேர்த்து நிரப்பிய சாடிகளில் இதை எதிர்பார்க்கலாம். ஏற்கெனவே முறுகிய ஓலை திரும்பாது. அடுத்த குருத்துக்கு முன் மண்ணை மாற்றி, மங்கனீசு சல்பேட்டைப் பொட்டலத்தில் உள்ள அளவுக்கு மேல் போகாமல் மண்ணில் கரைத்து ஊற்றவேண்டும். விலை நன்றாகக் குறைந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

செதில் பூச்சி: ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தேங்காய்ப்பூ தூவினது போல் வெள்ளைப் படலம், நகத்தால் சுரண்டினால் உதிர்வது, கண்டால் அந்தக் கன்றை மட்டுமல்ல, பக்கத்தில் ஒட்டி நிற்பவற்றையும் விட்டுவிடுங்கள். சைக்கஸைக் கொல்லக்கூடிய உண்மையான எதிரி இதுதான், நீலப் பூச்சி அல்ல. இதை அழிக்க அடிக்கும் மருந்து நீலத்தின் புழுவையும் சேர்த்தே அழிக்கும்.

அடுத்து தண்டு. சைக்கஸ் விலையைத் தண்டின் பருமன்தான் தீர்மானிக்கிறது, ஏனென்றால் அது வளர எடுக்கும் காலம் அப்படி: வருடத்துக்கு ஓரிரு சென்ரிமீற்றர் உயர்ந்தாலே பெரிய காரியம். கத்தரிக்காயைப் பார்ப்பது போல் பெருவிரலால் சுற்றிவர அமுக்குங்கள். எங்காவது அமுங்கினால் உள்ளே அழுகல். பிறகு ஓலைக் கொத்தை அடியோடு பிடித்து மெல்ல ஆட்டுங்கள். தண்டு மண்ணுக்குள் தள்ளாடினால் அது அண்மையில் வெட்டி நட்ட, வேர் பிடிக்காத கன்று. இலையும் தண்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரு வருடத்துக்குக் குருத்து விடாமல் இருக்கக்கூடும். கடைசியாக உச்சியைப் பாருங்கள். நடுவில் பழுப்புப் பஞ்சு போன்ற செதில்கள் மேடாகத் தள்ளிக்கொண்டு வந்தால் குருத்து நெருங்கிவிட்டது. அதே விலையில் இரண்டு கன்று இருந்தால் பருமனான தண்டைவிட, உச்சி தள்ளிய தண்டை எடுப்பது புத்தி.

பெயரிலும் கவனம் தேவை. சிலர் இதை 'சேகோ பாம்' என்பார்கள். பனையும் அல்ல, பாயாசத்துச் சவ்வரிசிக்கும் இதற்கும் தொடர்பும் இல்லை. மாறாகச் செடி முழுவதும் நஞ்சு, விதை மிக மோசம். நாய் வளர்ப்பவர்கள் பெண் செடியில் செம்மஞ்சள் விதை தோன்றினால் உடனே எடுத்துவிடவேண்டும். இரண்டொரு விதையே நாயின் ஈரலைக் கெடுக்கப் போதும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்தச் சாடி வேண்டாம் என்பது எங்கள் கருத்து, முள்ளும் சேர்த்து.

இன்னொரு குழப்பம் சாமியா. அகன்ற, தடித்த, அட்டை போன்ற சிற்றிலை கொண்ட அந்த மெக்சிக்கோச் செடியையும் சில இடங்களில் சைக்கஸ் என்றே விற்பார்கள். அது வேறு குடும்பம். நீலத்துக்காக அதை வாங்கவேண்டாம். சிற்றிலை ஊசி போல் ஒடுங்கி, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால்தான் ரெவொலூட்டா; அதன் பெயரே அந்தச் சுருளிலிருந்து வந்தது.

ரெவொலூட்டா ஜப்பானின் தெற்குத் தீவுகளைச் சேர்ந்தது. நம் நாட்டுக்கு உரியது சைக்கஸ் நத்தோர்ஸ்டி, சிங்களத்தில் மடு. (மன்னார் மடுவை நினைக்கவேண்டாம்.) ஓலை நீளம், மென்மை, குருத்துப் பெரிது, புழுவுக்கு ரெவொலூட்டாவைவிட நல்ல சாப்பாடு. ஆனால் வளர்ந்தால் ஓலை மனித உயரத்தையும் தாண்டும், பல்கனிக்கு ஒத்துவராது. நுகேகொடை, தெஹிவளைப் பக்கம் மண் முற்றம் உள்ளவர்கள் இதைத்தான் முதலில் தேடவேண்டும், ஒரு நிபந்தனையோடு: விதையிலிருந்து வளர்த்த கன்றாக இருக்கவேண்டும். சிறு சாடியில் வயதான, வெட்டுத் தழும்புள்ள, பருமனான மடுத் தண்டு நின்றால் அது காட்டிலிருந்து கிண்டி வந்ததாக இருக்கலாம். பூச்சிக்கு வீடு கட்டப் போய்க் காட்டிலிருக்கும் அதன் வீட்டைப் பெயர்த்து வாங்குவதில் அர்த்தமில்லை.

சாடியும் மண்ணும்

கடையில் தரும் கறுப்புப் பொலித்தீன் பையிலோ, வாய் குறுகிய அலங்காரச் சாடியிலோ நீண்ட நாள் விடக்கூடாது. தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடும் அகலமான மண்சாடி போதும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் ஈரம் தேங்கித் தண்டு அழுகும். அடியில் குறைந்தது மூன்று துளை. கலவை: கழுவிய பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் அல்லது சிரட்டைக்கரி ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூளை விரும்புபவர்கள் கூட்டெருவில் பாதியை அதற்கு விட்டுக்கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கொழும்பு மழைக்குத் தும்பு காயவே காயாது. தண்டில் கீழ் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மண்ணுக்குள். மேற்பரப்பில் பவளம் போல் கிளைத்த பச்சைநீல வேர் தலைகாட்டினால் நோய் என்று நறுக்கிவிடாதீர்கள். அதற்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. சைக்கஸுக்குப் பசளை குறைவாகப் போதுமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர்: இரண்டு அங்குலம் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். மே முதல் செப்டெம்பர் வரையும், ஒக்டோபர், நவம்பர் அடைமழையிலும் திறந்த பல்கனிச் சாடிக்கு நீங்கள் தண்ணீரே ஊற்றத் தேவை வராமல் போகலாம். சாடிக்குக் கீழே தட்டு வைக்கவேண்டாம். அதில் தேங்கும் தண்ணீர் செடிக்கும் கூடாது, நுளம்பும் பெருகும். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது சாடித் தட்டைத்தான்.

குருத்து வரும் மூன்று வாரம்

இந்தச் சாடியின் பெறுமதி முழுவதும் இந்த மூன்று வாரத்தில்தான் இருக்கிறது.

உச்சிச் செதில்கள் பிளந்து, சாம்பல் மயிர் போர்த்திய விரல்கள் மாதிரிக் குருத்துகள் மேலே வரும். முட்டை அரை மில்லிமீற்றர் அளவு வெளிர் தட்டு. வெறுங்கண்ணுக்கு ஒரு தூசி. சுருண்ட சிற்றிலைகளுக்கு இடையிலும் இளங்காம்பிலும் தேடவேண்டும். கைக்கண்ணாடியில் பார்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் தெரியும். சில நாளில் பொரித்த புழு குருத்துக்குள் துளைத்து இறங்கும், பிறகு வெளியே வந்து சிற்றிலையைச் சுரண்டும். வடிவம் தட்டையான நத்தை போல. தலை உள்ளே ஒளிந்திருக்கும். நிறத்தை நம்பவேண்டாம்: பச்சையும் இருக்கும், பீட்ரூட் சாயமும் இருக்கும், இரண்டும் ஒரே குருத்தில் இருக்கும். முழு வளர்ச்சியில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். முட்டையிலிருந்து சிறகு வரை மொத்தம் இரண்டு, மூன்று வாரம்.

புழுவைக் கண்டுபிடிக்கச் சுருக்கு வழி எறும்பு. புழுவின் முதுகில், பின்பக்கத்தில், இனிப்பு நீர் சுரக்கும் ஒரு சுரப்பி உண்டு. எறும்பு தன் கொம்பால் தட்டும், புழு ஒரு துளி விடும். அதற்குப் பிரதிபலனாகக் குளவியையும் சிலந்தியையும் எறும்பு அண்டவிடாது. எறும்புக் கூட்டம் ஓரிடத்தில் அசையாமல் மொய்த்து நின்றால் அதன் கீழே புழு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதனால்தான் நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு எறும்பு விஷயத்தில் நடக்கிறது. பல்கனியில் எறும்பைக் கண்டவுடன் சுவரோரம் எறும்புச் சோக் கட்டியால் கோடு போடுகிறோம். அந்தச் சோக்கில் இருப்பது பூச்சிக்கொல்லி. எறும்பு போகும், காவல் போகும், தூள் பட்டால் புழுவும் போகும். சமையலறைக்கு எறும்பு வரும் பாதையைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து அங்கேயே மறியுங்கள், சாடிப் பக்கம் எறும்பை அதன் பாட்டில் விடுங்கள்.

இரண்டாவது தவறு கணக்குத் தவறு. ஒரு சிறு சாடியில் ஒரு கொத்தில் பத்துப் பன்னிரண்டு ஓலை வரும். பூச்சிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. பெண்கள் பல வந்து அதே குருத்தில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். பிந்திப் பொரித்தவைக்குச் சாப்பாடு முடிந்துபோகும், அவை சாகும். செடியும் மொட்டைத் தண்டாக நிற்கும். ஒரு கொத்தை இழந்தால் சைக்கஸ் தாங்கும், தண்டில் சேர்த்த மாவு இருக்கிறது. தொடர்ந்து மூன்று, நான்கு கொத்து போனால் தாங்காது. குவாம் தீவுக்கு இந்தப் பூச்சி 2005இல் வந்து சேர்ந்தபின், அங்கே காட்டுச் சைக்கஸ் மரங்களுக்கு நடந்தது இதுதான். செதில் பூச்சியும் கூடச் சேர்ந்துகொண்டது. தாய்வானிலும் அந்நாட்டுக்கே உரிய சைக்கஸ் இனம் இப்படி அரிபட்டது. அலங்காரச் சைக்கஸ் கப்பலேறிப் போன இடமெல்லாம் பூச்சியும் போயிருக்கிறது. நம் நாட்டில் இது சொந்தப் பூச்சி. ஆனால் சாடிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஆகவே இரண்டு சாடி. இது விற்பவரின் பேச்சுப் போல் ஒலிக்கும், ஆனாலும் ஒரு சாடியை மட்டும் வைத்துப் பூச்சி, செடி இரண்டையும் காப்பாற்ற முடியாது. ஒன்று பூச்சிக்கு, மற்றது ஓய்வுக்கு. ஓய்வுச் சாடியில் உச்சி தள்ளத் தொடங்கிய அன்றே பழைய நுளம்பு வலையால் மூடி, சாடி வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். குருத்து வலையில் உரசாதபடி உள்ளே நாலு மூங்கில் குச்சி தேவை. உரசினால் பூச்சி வெளியே உட்கார்ந்தே முட்டையிட்டுவிடும். குருத்து விரல்போல் நீண்டபின் மூடுவது பிந்திய வேலை, முட்டையையும் உள்ளே பூட்டிவிடுவீர்கள். சிற்றிலை நுனி விரலைக் குத்தும் வரை, ஏறக்குறைய மூன்று வாரம், வலை இருக்கட்டும். அடுத்த முறை சாடிகளின் வேலையை மாற்றுங்கள். அரிபட்ட ஓலைகளை உடனே வெட்டவேண்டாம், பாதிப் பச்சை இருந்தாலும் அது செடிக்குச் சம்பாத்தியம். குருத்து வராமல் அடம்பிடிக்கும், மற்றபடி சுகமான செடியில் பழைய ஓலைகளை அடியோடு நறுக்கினால் புதிய கொத்துக் கிளம்புவது வழக்கம். வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் அந்த வித்தை வேண்டாம்.

கூட்டுப்புழுவைக் காணவில்லை என்று பலர் கேட்பார்கள். ஓலையில் தேடினால் கிடைப்பது அரிது. புழு கீழே இறங்கி, உச்சியின் பழுப்புப் பஞ்சுக்குள்ளும் பழைய ஓலைக் காம்படிகளின் இடுக்கிலும் சாடி ஓரத்துச் சருகிலும்தான் கூடு கட்டும். சுத்தம் பேணுபவர் வீட்டில் பூச்சி குறைவதற்கு இதுவே காரணம்: தும்புத்தடியால் தட்டித் துடைத்து அத்தனையையும் குப்பைக் கூடைக்குள் போட்டுவிடுகிறார்கள். குருத்து வந்ததிலிருந்து ஒரு மாதம் சாடியைக் கூட்டவேண்டாம்.

தேன் விஷயம் சுலபம். நீண்ட குழாய்ப் பூக்கள் இதன் குட்டைத் தும்பிக்கைக்கு எட்டாது. செம்பரத்தை, இக்சோரா எல்லாம் நமக்குத்தான் அழகு. மூக்குத்திப்பூண்டு, சீதேவியார் செங்கழுநீர் போன்ற வீதியோரப் பூண்டுகளைப் பிடுங்கி ஒரு சின்னச் சாடியில் நட்டால் போதும். விலை பூச்சியம்.

இடம்தான் இந்தப் பொருளின் பெரிய குறை. ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் குருத்து நீண்டு துவளும். பூச்சி தாழப் பறப்பது; நாலாம் மாடிக்கு மேல் இதை நம்பிக் காசு போடவேண்டாம். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமுள்ள தொடர்மாடிகளில் உப்புக்காற்று முதிர்ந்த ஓலையை ஒன்றும் செய்யாது, இளங்குருத்தைத்தான் கருக்கும். காற்றின் வேகத்தில் பூச்சியும் நிற்காது. அந்தப் பக்கத்துக்குத்தான் இரண்டரைப் புள்ளி. அதே கட்டடத்தின் நிலப்பக்க வாசலில், காவலாளியின் அனுமதியோடு வைத்தால் நாலு. டெங்குப் புகை அடிக்கும் நாட்களில் வலைச்சாடி, திறந்த சாடி இரண்டையும் உள்ளே எடுத்து, புகை அடங்கியபின் வெளியே வையுங்கள். தூக்க முடியாத பருமனில் வாங்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சைக்கஸ் ஒத்துவராத பல்கனிக்கு மாற்று இருக்கிறது. தேசிக் கன்றில் தேசிநீலம் வரும், ஆனால் அதே இளந்தளிருக்குப் பெரிய கறுப்புமஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் போட்டி. நீலப்பூச் சித்திரமூலத்தில் வரிக்கோடிட்ட செப்ரா புளூ வரும். சாடியில் சுலபம், மலிவு, வருடம் முழுக்கப் பூ. பழகுபவருக்கு அதுவே முதல் செடியாக இருக்கலாம். சைக்கஸ் அளவுக்கு, ஒரு பூச்சியின் பிறப்பு முதல் பறப்பு வரை ஒரே இடத்தில் இருந்து பார்க்க அது விடாது, பூங்கொத்துக்குள்ளேயே எல்லாம் மறைந்து நடக்கும்.

வாங்குமுன் பூச்சியை நேரில் பார்த்து வைக்க பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கள். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகர அங்கீகாரம் கிடைத்ததற்குக் காரணமான சதுப்புகளில் ஒன்று அது. காலை எட்டரைக்குப் பின், வெயில் ஏறும்போது, நடைபாதையோரப் பூண்டுகளில் நீலங்கள் சிறகை விரித்து உட்காரும். வாலுள்ளதையும் வாலில்லாததையும் பிரித்துப் பழக நல்ல இடம். பிடிக்கவோ புழுவை எடுத்து வரவோ வேண்டாம். வனசீவராசிச் சட்டம் ஒருபக்கம் இருக்க, கன்று சரியாக இருந்தால் அது தானாக வரும்.

கடிபட்ட கன்றுக்கு விலை பேசத் தயங்கவேண்டாம், கடைக்காரருக்கு அது விற்காத சரக்கு. ஏற்றும்போது ஓலைகளை மேல்நோக்கிக் கூட்டித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள், பொலித்தீன் பையால் மூடவேண்டாம். ஓட்டோவில் என்றால் கால் வைக்கும் இடத்தில், உச்சி உங்கள் பக்கம் சாய்ந்திருக்க. எறும்பு ஒன்றிரண்டு காலில் ஏறும். தட்டிவிடாமல் சாடியிலேயே திரும்ப விடுங்கள், அவையும் விலைக்குள் அடக்கம்.